மரபுநோய்க் கணக்கும் ஸ்யாத்வாதமும்

(மகாவீர ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பகவான் மகாவீரரின் ஜன்ம கல்யாணத் திருநாளில் நோயைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1957ஆம் ஆண்டில், கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தின் ஆய்விதழான 'சாங்க்யா'வில் ஸ்யாத்வாதத்தை எடுத்துப் பேசும் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று அக்கழகத்தை நிறுவிய பி.சி. மகலனோபிஸ் எழுதியது. மற்றொன்று, அதே ஆண்டில் இங்கிலாந்தை விட்டு அக்கழகத்தில் பணிபுரிய வந்த ஜே.பி.எஸ். ஹால்டேன் எழுதியது. இருவரும் ஜைனர் அல்லர். ஒருவர் நம் நாட்டின் புள்ளியியலுக்கு அடித்தளம் இட்டவர். மற்றவர் மனிதரின் மரபுநோய்களைக் கணக்கிடும் முறைகளை வகுத்தவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர். நம் ஆசாரியர்கள் 'ஸ்யாத்' என்ற ஒரு சொல்லில் அடக்கிய எச்சரிக்கையே புள்ளியியலின் உயிர் என்று இருவருக்கும் தோன்றியிருக்கிறது. இந்த அரங்கில் இப்பொருளைப் பேச எனக்கு இதைவிட வேறு அனுமதி வேண்டியதில்லை.

எல்லாப் பொருள்களையும் அவற்றின் எல்லாப் பரியாயங்களோடும் ஒருங்கே அறிபவர் கேவலி. அவருக்கு நிகழ்தகவு தேவையில்லை. நமக்கோ அறிவு பகுதியானது. ஆகவே 'உண்டு' என்றோ 'இல்லை' என்றோ முடித்துவிடாமல், 'இன்ன அளவுக்கு அறிந்த நிலையில் இவ்வளவு' என்று சொல்வதே நேர்மையான சொல். மரபுநோய் பற்றி மருத்துவர் சொல்லும் எண் ஒவ்வொன்றும் இவ்வகையைச் சேர்ந்தது. இதை மறந்துவிடுவதால்தான் நம் குடும்பங்களில் தேவையற்ற அச்சமும், அதைவிடக் கொடியதான ஒளிப்பும், பெண்கள்மீது ஏற்றப்படும் பழியும் நிகழ்கின்றன.

எஸ்.எம்.ஏ. என்னும் முதுகுத்தண்டு சார்ந்த தசைநலிவு நோயைச் சில ஆண்டுகளாக நாளேடுகள் வழியாகத் தமிழ்நாடு முழுதும் அறிந்திருக்கிறது. ஏறத்தாழ 16 கோடி ரூபாய் விலையுள்ள ஊசிமருந்துக்காகப் பெற்றோர் பொதுமக்களிடம் கையேந்திய நோய் அதுதான். கடுமையான வகையில், குழந்தையின் கண்களில் ஒளி குறையாது. முகம் பார்த்துச் சிரிக்கும். ஆனால் கழுத்து நிற்காது, உட்கார இயலாது, நாளடைவில் மூச்சுவிடவும் தசை போதாமற் போகும். பெற்றோர் இருவரும் முழு நலத்தோடு இருப்பார்கள். இருவரிடமும் பழுதுற்ற மரபணு ஒன்றும் நல்ல மரபணு ஒன்றும் உள்ளன. நல்லது ஒன்றே உடலுக்குப் போதுமானதால் அவர்களுக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. இத்தகையோரை மருத்துவர்கள் 'கேரியர்' என்பர். நான் 'சுமப்பவர்' என்று சொல்கிறேன். சுமப்பவர் இருவர் மணந்தால், இருவரிடமிருந்தும் பழுதுற்றதே குழந்தைக்கு வந்து சேரும் வாய்ப்பு 4இல் 1.

இந்த 4இல் 1 என்பதைக் கேட்டதும் பெற்றோர் பலர் எண்ணுவது இது: 'முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகள் தப்பிவிடும்.' அப்படியன்று. ஒவ்வொரு கருவும் புதிய ஆட்டம். சோழியை எத்தனை முறை உருட்டினாலும் முன்பு விழுந்தது அதற்கு நினைவிராது.

இதற்கு நேர் எதிரான பிழை ஒன்றும் உண்டு. அதைச் செய்தவர்கள் படிப்பறியாதவர்கள் அல்லர், மருத்துவர்களே செய்தார்கள். மருத்துவமனைக்கு வரும் குடும்பங்களைத் திரட்டி, பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நோய் என்று எண்ணினால் நான்கிலொன்றைவிட மிகுதியாகவே வரும். இரண்டு பிள்ளைகள் உள்ள 16 குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் பெற்றோர் இருவரும் சுமப்பவர்கள். கணக்குப்படி 9 குடும்பங்களில் இரு பிள்ளைகளும் நலம். 6 குடும்பங்களில் ஒரு பிள்ளைக்கு நோய். 1 குடும்பத்தில் இருவருக்கும் நோய். அந்த 9 குடும்பங்கள் மருத்துவமனையின் வாயிலை மிதிப்பதே இல்லை. வந்து சேரும் 7 குடும்பங்களில் பிள்ளைகள் 14, நோயுற்றோர் 8. 'பாதிக்கு மேல் நோய்' என்று தோன்றும்! ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் மருத்துவராக இருந்த வில்ஹெல்ம் வைன்பெர்க் 1912இல் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார். நோயால் நம் கண்ணுக்கு வந்த பிள்ளையை எண்ணாதே. அப்பிள்ளையின் உடன்பிறப்புகளை மட்டும் எண்ணு என்றார். எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் நோயுள்ள 6 குடும்பங்களில் 6 உடன்பிறப்புகள். அவர்களுள் எவருக்கும் நோயில்லை. இருவருக்கும் நோயுள்ள குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மற்றவர் உடன்பிறப்பு. ஆகவே 2, இருவரும் நோயுற்றோர். கூட்டினால் 8இல் 2. நான்கிலொன்று மீண்டும் வந்து நிற்கிறது. கண்ணுக்குத் தெரிந்தவற்றைக் கொண்டே முடிவு கட்டும் ஏகாந்தப் பார்வையை இவ்வளவு எளிதாகத் திருத்திய கணக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதே வைன்பெர்க்கும், நம் இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்ட ஜி.எச். ஹார்டியும் 1908இல் ஒருவரையொருவர் அறியாமலேயே கண்ட விதி ஒன்று உண்டு. தூய கணிதத்தையே போற்றிய ஹார்டி, பயனுள்ள எதையும் தாம் செய்ததில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டவர். அவரையும் மீறிப் பயன்பட்டுவிட்டது இது. நோயின் எண்ணிக்கை தெரிந்தால், சுமப்பவர்களின் எண்ணிக்கையை அதிலிருந்து பெறலாம். எஸ்.எம்.ஏ. உலகில் ஏறத்தாழ 10,000 பிறப்புகளுக்கு ஒன்று. 10,000இன் வர்க்கமூலம் 100. ஆகவே மக்களிடையே உள்ள அம்மரபணுக்களில் நூற்றில் ஒன்று பழுதுற்றது. ஒவ்வொருவரிடமும் அது இரண்டு படி இருப்பதால், சுமப்பவர் ஏறத்தாழ 50இல் ஒருவர். இந்த அரங்கில் 300 பேர் அமர்ந்திருந்தால் சராசரியாக 6 பேர். நோயோ பத்தாயிரத்தில் ஒன்று. அதன் சுமையோ இந்த வரிசையிலும் அடுத்த வரிசையிலும் இருக்கிறது. எஸ்.எம்.ஏ. ஒன்றுக்கு இது, இத்தகைய நோய்கள் பல. ஆகவே, எதையும் சுமக்காத 'தூய' குடும்பம் என ஒன்று இருப்பதாக நம்பி வரன் தேடுவோர் இல்லாத ஒன்றைத் தேடுகிறார்கள்.

இனி உறவுத் திருமணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் அம்மான் மகளையும் அத்தை மகனையும் மணப்பது நெடுங்கால வழக்கம். அக்காள் மகளை மணப்பதும் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், இன்பராஜ் ஆகிய இரு புள்ளியியலாளர்கள் 1970களில் அன்றைய வடாற்காடு மாவட்டத்தில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். ஆரணியும் வந்தவாசியும் போளூரும் அன்று அம்மாவட்டத்தில்தான் இருந்தன என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கிராமப்புறத் திருமணங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் உறவுக்குள் நடந்தவை. ஆனால் மகப்பேற்றிலும் குழந்தை இறப்பிலும் உறவில் மணந்தோருக்கும் அல்லாதோருக்கும் இடையே பெரிய வேறுபாடு எதையும் அவர்கள் காணவில்லை. இம்முடிவைப் பிடித்துக்கொண்டு 'ஒன்றும் ஆகாது' என்பாரும் உண்டு. அதைக் காணாமல் 'பெருங்கேடு' என்பாரும் உண்டு. இரண்டுமே ஒரு நயத்தை மட்டும் பிடித்த பேச்சு.

கணக்கு இவ்வாறு. மாமன் மகள், அத்தை மகன் ஆகியோரின் குழந்தை, ஒரே மூதாதையின் ஒரே மரபணுவை இரு வழியாகவும் பெறும் வாய்ப்பு 16இல் 1. மாமனும் அக்காள் மகளும் மணந்தால் 8இல் 1. எஸ்.எம்.ஏ. போன்ற நோய்க்கு இதைப் பொருத்தினால், பத்தாயிரத்தில் ஒன்றாக இருந்த இடர் முதல் வகையில் ஏறத்தாழ 1,400இல் ஒன்றாகவும், இரண்டாம் வகையில் 750இல் ஒன்றாகவும் உயரும். முதல் வகையில் இது 7 மடங்கு. இன்னும் அரிதான நோயை, பத்து லட்சத்தில் ஒருவருக்கு வருவதை எடுத்துக்கொண்டால், உறவுத் திருமணத்தில் அது ஏறத்தாழ 63 மடங்கு உயர்ந்து 16,000இல் ஒன்றாகும். நூற்றில் ஒருவருக்கு வரும் நோயாயின் ஒன்றரை மடங்குதான். நோய் எவ்வளவுக்கு அரிதோ அவ்வளவுக்கு உறவின் பங்கு பெரிது. அரிய நோயுள்ள குழந்தைகளின் பெற்றோரில் உறவினர் மிகுதியாகக் காணப்படுவது இதனால்தான். வேலூர் ஆய்வு பொய்யன்று. பத்தாயிரம் பிறப்புகளில் ஒன்று ஏழாவது அக்குடும்பங்களுக்கு மலையளவு, மொத்த இறப்புக் கணக்கிலோ கடுகளவு.

எல்லாக் குறைகளையும் சேர்த்துப் பார்த்தால், எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்கும் இடர் நூற்றுக்கு ஏறத்தாழ 3. மாமன் மகள், அத்தை மகன் ஆயின் அதற்குமேல் இன்னும் 2 அல்லது 3 சேர்கிறது என்று மரபணு ஆலோசகர்கள் சொல்வது வழக்கம். இதையே 'இடர் இரட்டிப்பாகிறது' என்றும் சொல்லலாம். 'நூறு குழந்தைகளில் 97 நலமாக இருப்பதற்குப் பதில் 94 அல்லது 95 நலமாக இருக்கும்' என்றும் சொல்லலாம். இரண்டும் மெய். முதலாவதைக் கேட்டவர் அஞ்சி ஓடுவார். இரண்டாவதைக் கேட்டவர் சற்று நின்று யோசிப்பார். எனக்கு இரண்டாவதே உவப்பு. ஆலோசனை சொல்பவர் இரண்டையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே நோய் வந்திருந்தால் கதை முற்றிலும் வேறு. ஒரு வீட்டில் மூத்த குழந்தை எஸ்.எம்.ஏ.வால் இறந்துவிட்டது; இளையவன் நலமாக வளர்ந்து மணப்பருவம் எய்திவிட்டான். அவன் சுமப்பவனா? நான்கு வழிகளில் நோயுறும் வழி அவனுக்கு இல்லை என்பது தெரிந்துவிட்டது. எஞ்சிய மூன்றில் இரண்டு, சுமக்கும் வழிகள். ஆகவே 3இல் 2. அவன் உறவில்லாத, தொலைவான இடத்துப் பெண்ணை மணந்தால், அவள் சுமப்பவளாக இருக்கும் வாய்ப்பு 50இல் 1. குழந்தைக்கு இடர், மூன்றில் இரண்டையும் ஐம்பதில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் பெருக்க, 300இல் 1. அவனே தன் அம்மான் மகளை மணந்தால்? அவன் தாய் உறுதியாகச் சுமப்பவள். அவளுடைய சகோதரன் சுமப்பவனாக இருக்க 2இல் 1. அவன் மகளுக்கு 4இல் 1. பெருக்கினால் 24இல் 1. முந்நூறில் ஒன்றுக்கும் இருபத்து நான்கில் ஒன்றுக்கும் உள்ள இடைவெளியை எண்ணிப் பாருங்கள். அந்த மூத்த குழந்தை ஏன் இறந்தது என்பதை 'ஏதோ காய்ச்சல்' என்று சொல்லி மறைத்துவிட்ட குடும்பத்தில், மாமன் வீட்டார் இந்த இடைவெளியை அறியாமலே பெண் கொடுக்கிறார்கள். உறவுத் திருமணத்தைவிட இம்மறைப்பே இங்குப் பெரிய இடர் என்பது என் துணிபு.

'எங்கள் வழியில் இதுவரை ஒருவருக்கும் இல்லை' என்று சொல்லக் கேட்கிறோம். ஊரிலும் உறவிலுமாக 300 பிறப்புகள் நினைவில் இருக்கின்றன, ஒன்றிலும் நோயில்லை என்று வைத்துக்கொள்வோம். புள்ளியியலில் இதற்கு 'மூன்றின் விதி' என்று ஒரு சுருக்கு வழி உண்டு: 3ஐ அந்த 300ஆல் வகுத்தால் 100இல் 1. அதாவது, உண்மை இடர் நூறில் ஒன்றுக்கு மேல் இராது என்று நூற்றுக்கு 95 உறுதியோடு சொல்லலாம், அவ்வளவே சொல்லலாம். பத்தாயிரத்தில் ஒன்றான நோய், 300 பிறப்புகளில் தலைகாட்டாமல் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 97. ஆகவே 'காணவில்லை' என்பது 'இல்லை' ஆகாது. அது ஸ்யாத் நாஸ்தி மட்டுமே. 1,000 பிறப்புகளில் ஒரே ஒரு நோயாளியைக் கண்டாலும், உண்மை அளவு ஆயிரத்தில் ஒன்று என்று முடித்துவிட முடியாது. 180இல் ஒன்று முதல் 40,000இல் ஒன்று வரை எதுவாகவும் இருக்கலாம். 'அவக்தவ்யம்' என்று நம் ஆசாரியர்கள் ஒரு பங்கத்தைத் தனியே வைத்ததன் அருமை இத்தகைய இடத்தில் எனக்கு விளங்குகிறது.

சிறு சமூகமாகிய நமக்கு மற்றொன்றும் உண்டு. பத்துத் தலைமுறைக்கு முன் நம் ஒவ்வொருவருக்கும் 1,024 மூதாதையர் இருந்தாக வேண்டும். சில ஊர்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்த சமூகத்தில் அவ்வளவு வேறுவேறு பேர் கிடைப்பது அரிது. ஒருவரே பல வழிகளில் மூதாதை ஆகியிருப்பார். அவர்களுள் ஒருவர் பழுதுற்ற மரபணு ஒன்றைச் சுமந்திருந்தால், அது சமூகம் முழுதும் பரவி நிற்கும். 'சொந்தமில்லை' என்று நாம் கருதும் வரனும் அவ்வழியில் சொந்தமே. 2017ஆம் ஆண்டில் ஐதராபாதிலுள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் ரைக்கும் உடனாய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களில் 81 குழுக்கள், பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதரையும் விஞ்சுமளவு இத்தகைய குறுகிய தொடக்கத்தின் தடத்தைக் கொண்டிருந்தன. அவற்றுள் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உடையவையும் இருந்தன. ஆரிய வைசியரிடையே சில மயக்க மருந்துகளைச் சிதைக்கும் நொதி குறைவாக இருப்பது அடிக்கடி காணப்படுவது இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. அதை முன்பே அறிந்த மருத்துவர் அறுவைக்கு முன் அந்தத் தசைத்தளர்வு மருந்தை மாற்றிவிடுகிறார். அறியாவிடில் நோயாளி எழாமல், மூச்சுவிடாமல் நெடுநேரம் கிடப்பார்.

இதனால் சிறு சமூகம் என்றாலே நோய் மிகுதி என்று பொருள் கொள்ளலாகாது. பின்லாந்தில் பிற இடங்களில் மிக அரிதாகவே காணப்படும் முப்பதுக்கும் மேற்பட்ட நோய்கள் உண்டு. ஐரோப்பாவின் பிற நாடுகளில் மிகுந்த சில நோய்கள் அங்கு அரிது. பட்டியல்தான் வேறு. எனவே, உலகக் கணக்கிலிருந்து எடுத்த 50இல் 1 என்னும் எண் ஒரு சிறு சமூகத்துக்கு அப்படியே பொருந்தாது. அது 20இல் 1 என்றிருந்தால், முன்பு சொன்ன இளைஞனுக்கு உறவில்லாப் பெண்ணை மணந்தாலும் இடர் 300இல் 1 அன்று, 120இல் 1.

இப்போது பழியைப் பற்றி. ஆண்பிள்ளைகளையே தாக்கும் சில நோய்கள் உண்டு. இரத்தம் உறையாமை ஒன்று. டுஷென் என்னும் தசைச்சிதைவு மற்றொன்று. இவற்றில் தாய் நலமாக இருந்து சுமக்கிறாள். அவள் மகன்களில் பாதிப் பேருக்கு நோய் வரும். ஒரு பெண்ணின் தாய்மாமனுக்கும் சகோதரனுக்கும் இரத்தம் உறையாமை இருக்கிறது என்று கொள்வோம். அவள் சுமப்பவளாக இருக்கும் வாய்ப்பு சரிபாதி. 'அந்த வீட்டுப் பெண்' என்று அவளை ஒதுக்குவார்கள். அவள் மணந்து மூன்று மகன்களைப் பெற்றாள், மூவரும் நலம். இன்னும் அதே சரிபாதிதானா? இத்தகைய பெண்கள் 16 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். 8 பேர் சுமப்பவர்கள், 8 பேர் அல்லர். சுமக்கும் 8 பேரில் மூன்று மகன்களும் நலமாகப் பிறப்பது ஒருவருக்குத்தான். சுமக்காத 8 பேருக்கும் எல்லா மகன்களும் நலம். ஆக, நலமுள்ள மூன்று மகன்களின் தாய்மார் 9 பேர். அவர்களுள் சுமப்பவள் ஒருத்தி. சரிபாதி, 9இல் 1 ஆகிவிட்டது. இதுதான் தாமஸ் பேயஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியாரின் மறைவுக்குப்பின் 1763இல் வெளிவந்த முறையின் சாரம். அந்தப் பெண்ணின் உடலில் எதுவும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். அவள் பிறந்தபோதே சுமப்பவளாகவோ அல்லாதவளாகவோதான் பிறந்தாள். மாறியது நம் அறிவு. இரத்தப் பரிசோதனை செய்தால் அது இன்னும் மாறி, பெரும்பாலும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்றே நின்றுவிடும். எண் நம் அறியாமையின் அளவு. அதை ஒரு பெண்ணின் நெற்றியில் ஒட்டுவது அநியாயம்.

இன்னொரு செய்தியும் தாய்மார்கள் அறிய வேண்டியது. கடும் நோயுற்ற ஆண்கள் மக்களைப் பெறாமல் மறையும்போது, அவர்களோடு பழுதுற்ற மரபணுக்களும் தலைமுறைதோறும் மறைய வேண்டும். ஆயினும் நோய் குறைவதில்லை. ஏன் என்று கேட்ட ஹால்டேன், புதிய பழுதுகள் ஒவ்வொரு தலைமுறையிலும் தாமே தோன்றி அக்குறையை நிரப்புகின்றன என்று 1935இல் கணக்கிட்டுக் காட்டினார். டுஷென் நோயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு புதிதாகத் தோன்றுவது. அங்கே தாய் எதையும் சுமக்கவில்லை. எஸ்.எம்.ஏ. போன்றவற்றிலோ தந்தைக்கும் தாய்க்கும் சரிசமமான பங்கு. 'அவள் கொண்டுவந்த பாவ கர்மம்' என்று மருமகளைச் சொல்லும் வாய், கணக்கையும் அறியாது, கர்ம சித்தாந்தத்தையும் அறியாது. யாருடைய எந்தக் கர்மம் எப்போது உதயமாகிறது என்பதை அறிபவர் கேவலி. நமக்கு எட்டுவது நிமித்தம் மட்டுமே. மரபணு அத்தகைய நிமித்தங்களுள் ஒன்று.

இங்கு அஹிம்சை என்னும் பெருங்கேள்வி எழுகிறது. கருவுற்றபின் பரிசோதித்து நோய் உறுதியானால், அடுத்து என்ன என்று மருத்துவர் கேட்பார். கருவில் இருப்பதும் ஜீவன் என்று அறிந்த குடும்பத்துக்கு அந்தக் கேள்வி எத்தகைய துன்பம் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்நிலையில் எந்த முடிவை எடுத்தவரையும் நான் குறை கூறமாட்டேன். ஆனால் அக்கேள்வியே எழாத இடத்துக்கு முன்கூட்டிச் செல்ல முடியும். அதே தயக்கம் கொண்ட மற்றொரு சமயத்தார் சென்றிருக்கிறார்கள்.

அஷ்கெனாசி யூதரிடையே டே-சாக்ஸ் என்னும் நோய் உண்டு. பிறக்கும்போது நலமாக இருக்கும் குழந்தை ஆறு மாதத்துக்குப்பின் தேய்ந்து, பார்வை இழந்து, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் இறந்துவிடும். அவர்களில் 30இல் ஒருவர் சுமப்பவர். முப்பதை முப்பதாலும் நான்காலும் பெருக்கினால் 3,600 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை. ஜோசப் எக்ஸ்டைன் என்னும் குரு தம் குழந்தைகள் நால்வரை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய ஆசாரம் கருக்கலைப்பை ஏற்காதது. 1983இல் அவர் நியூயார்க்கில் 'டோர் யெஷோரிம்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். மணப்பருவத்துக்கு முன்பே இளைஞர்களின் இரத்தம் பரிசோதிக்கப்படும். பெயர் இல்லை, எண் மட்டும். நிச்சயத்துக்கு முன் இரு வீட்டாரும் இரு எண்களையும் சொல்லிக் கேட்பார்கள். 'பொருந்தும்' அல்லது 'பொருந்தாது' என்ற விடை மட்டும் கிடைக்கும். ஒருவர் மட்டும் சுமப்பவராயின் 'பொருந்தும்' என்றே விடை. அவர் சுமப்பவர் என்பது அவருக்குக்கூடச் சொல்லப்படுவதில்லை. 1970களில் தொடங்கிய பொதுப் பரிசோதனைகளும் இதுவுமாகச் சேர்ந்து, வட அமெரிக்க யூதரிடையே அந்நோயுடன் பிறக்கும் குழந்தைகளை நூற்றுக்கு 90க்கு மேல் குறைத்துவிட்டன.

ஒருவர் தம் உடலைப் பற்றிய செய்தியை அவரிடமிருந்தே மறைப்பது எனக்கு உடன்பாடன்று. ஆனால் எல்லாரும் எல்லாரையும் அறிந்த சமூகத்தில் வதந்திக்கு அஞ்சி அவர்கள் அவ்வாறு செய்தது புரிகிறது. நாம் செய்வதானால், முடிவு உரியவரின் கையில் மட்டும் சேருமாறு செய்யலாம். பெற்றோரானாலும் அவர் இசைவின்றி அறியலாகாது. முடிவு 'இல்லை' என்று வந்தாலும் ஸ்யாத் அதை விடுவதில்லை. பரிசோதனை, சுமப்பவர்களில் நூற்றுக்கு 95 பேரைக் கண்டுபிடிக்கும் என்றால், 50இல் 1 என்றிருந்த வாய்ப்பு 'இல்லை' என்ற முடிவுக்குப்பின் ஏறத்தாழ 1,000இல் 1 ஆகும், சூனியம் ஆகாது.

அறக்கட்டளையின் வரன் அறிமுகக் கூட்டங்களில் ஜாதகப் படிவத்தோடு குலவரிசைத் தாள் ஒன்றையும் குடும்பங்களுக்கு வழங்கலாம் என்பது என் வேண்டுகோள். அது மேசையில் திரும்பப் பெறும் படிவமாக இருக்கலாகாது, வீட்டிலேயே இருக்கட்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோயுற்றோருக்கு உள்ளே கருமை. உறவில் மணந்தோரை இரட்டைக்கோடு இணைக்கும். மூன்று தலைமுறை போதும். நிரப்புவதற்குப் பாட்டிமார்கள் வேண்டும். பெயர் சூட்டுமுன் இறந்த குழந்தைகளை அவர்களே நினைவில் வைத்திருக்கிறார்கள். கழுத்து நின்றதா, எத்தனை மாதத்தில் இறந்தது, வலிப்பு இருந்ததா, ஆண்பிள்ளைகள் மட்டுமா என்று மெல்லக் கேளுங்கள். கேட்பவர் பேத்தியாக இருந்தால் அவர்கள் சொல்வார்கள். அத்தாளை எடுத்துக்கொண்டு, நிச்சயத்துக்கு முன்னரே, வேலூரிலோ சென்னையிலோ உள்ள மரபணு ஆலோசகரைச் சந்தியுங்கள். ஐயத்துக்கு இடமில்லாத குடும்பத்துக்கு அது ஒரு மணி நேரப் பேச்சோடு முடியும். ஐயம் உள்ள குடும்பத்துக்கு எந்தப் பரிசோதனை, யாருக்கு முதலில் என்பதை அவர் சொல்வார். நோயுற்ற குழந்தை இன்று உயிரோடு இருந்தால், முதற் பரிசோதனை அக்குழந்தைக்கே. எந்த மரபணுவில் பழுது என்பது தெரியாமல் மற்றவர்களைச் சோதிப்பது வீண்செலவு.

வினாக்கள் இருப்போர் கூட்டம் முடிந்தபின் தனியே வந்து கேட்கலாம். ஜெய் ஜினேந்திரா.